கலர் சேராத போட்டோ

மலர்கொடி வீட்டு பீரோவைப் பூட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதவை இடுப்பால் முட்டித் தள்ள வேண்டும். இன்னொருவர் அந்த நேரம் பார்த்துச் சாவியைத் திருப்ப வேண்டும். வழக்கமாக முட்டுகிறவள் மலர்கொடி, திருப்புகிறவள் மகள் பூமிகா. அன்று காலை மலர்கொடி கொஞ்சம் பலமாகவே முட்டிவிட்டாள். கீழ்க்கீல் பெயர்ந்து கதவு ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே அடைபட்டிருந்த புடவைகள், வலையை அவிழ்த்ததும் கொட்டுகிற மத்தி மாதிரி, வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தன.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கிறது அந்த வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறையில் பாதியை இரண்டு பீரோக்கள் பிடித்துக்கொண்டன. மிச்சப் பாதியில் பூமிகா காலை மடக்கிப் படுப்பாள். மன்னார்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்தால் அந்த இடம்தான். அப்பா அமிர்தலிங்கமும் தம்பி நிதிஷும் கூடத்தில். விருந்தாளி யாராவது வந்தால் வாசலில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பேசி அனுப்பிவிடுவார்கள். உள்ளே கூப்பிட வழியில்லை.

இப்போது பூமிகாவுக்குக் கல்யாணம். நாள் நெருங்கிவிட்டது. அது மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்தி வைக்கிற கோடை மாதங்கள். ஆண்களெல்லாம் வீட்டில் இருப்பதால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாமே அந்தச் சமயத்தில்தான் வரும். கையில் வருமானம் இல்லாத காலத்தில் ஊரே விசேஷம் கொண்டாடும். இதில் என்ன கணக்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வழக்கம் என்பார்கள்.

அதோடு கொஞ்ச வருஷமாக இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. விசேஷ வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே கலரில், ஒரே டிசைனில் புடவை கட்ட வேண்டும். யூனிஃபார்ம் புடவை என்று அதற்குப் பேர். கலரைத் தீர்மானிப்பவள் வேதவல்லி. மகளிர் குழுத் தலைவி. போனில் பெண்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் ஒரு படத்தைப் போட்டு, ‘இதுதான்’ என்று எழுதிவிட்டால் முடிந்தது. கையில் காசு இருந்தால் கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் எதையாவது அடகு வைத்து வாங்க வேண்டும். விசேஷத்தன்று எல்லாரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ. மறுநாள் அந்தப் புடவை பீரோவுக்குள் போய்விடும். அதற்குமேல் அது வெளிச்சம் பார்க்காது.

தரையில் கிடந்த குவியலை வைத்துக்கொண்டு பூமிகா உட்கார்ந்தாள். அவள் போனில் ஒரு பெண் பேசுகிற வீடியோ பார்த்திருக்கிறாள். ஒரு வருஷமாக எடுக்காத துணியை வீட்டில் வைத்துக்கொள்ளாதே, இடத்தைக் காலி பண்ணு, மனசும் லேசாகும் என்று அந்தப் பெண் சொல்வாளாம். மலர்கொடிக்குச் சிரிப்பு வந்தது. மனசு லேசாக வேண்டுமென்றால் மீன் முழுக்க விற்றுக் கூடை காலியாக வேண்டும், வேறு வழி தனக்குத் தெரியாது என்றாள். இருந்தாலும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு புடவையாக எடுத்து, எந்த வீட்டு விசேஷம் என்று சொல்லிக்கொண்டே போனாள். கிளிப்பச்சை அண்ணன் மகன் கல்யாணம். கத்திரிப்பூ வேதவல்லி வீட்டுக் காதுகுத்து. செங்கல் நிறம் கோயில் கொடியேற்றம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இதுல எதையாவது ரெண்டாந்தடவ கட்டிருக்கியாம்மா?”

“எப்புடிக் கட்டுறது. எல்லாரு போன்லயும் போட்டோ கெடக்கு. வேற இல்லையான்னு கேப்பாளுவ.”

“அவங்க கட்டிட்டு வந்தா நீ கேப்பியா?”

“வாய விட்டுக் கேக்கமாட்டேன்” என்றாள் மலர்கொடி.

கூடத்திலிருந்து அமிர்தலிங்கம் எட்டிப் பார்த்தான். இந்தத் துணியைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பாய்மரம் கட்டலாம், டீசல் செலவு மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மலர்கொடி உழைப்பில் குறை சொல்ல முடியாதவள். விடிவதற்கு முன்னால் துறைமுகத்தில் நிற்பாள். ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் கீழ்வேளூர் போவாள். வயல்காட்டு ஊர்களுக்குள்ளே நடந்து நடந்து விற்பாள். தலையில் கூடை ஏறினால் கழுத்து அசையாது. அப்படிச் சம்பாதித்த காசில் பாதி அந்தத் தரையில் கிடந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும், வேறொன்றைத்தான் யோசித்தாள்.

அவளுக்கு அப்போது இருந்த கவலை மேகலா. மேகலா அமிர்தலிங்கத்தின் ஒரே தங்கை, மலர்கொடிக்கு நாத்தனார். அந்த ஊர் வழக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு முதல் நலங்கு, அதாவது முதல் மஞ்சள், அத்தைதான் வைக்க வேண்டும். மேகலாவோ சில வருஷமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. அண்ணன் வீட்டுக்கு வருவாள். உடம்பு சரியில்லையென்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருவாள். பந்தல் போட்டால் மட்டும் அந்தப் பக்கம் தலை காட்ட மாட்டாள். ரோஷக்காரி என்று மலர்கொடி முடிவுகட்டியிருந்தாள்.

பூமிகா ஏற்கெனவே சொல்லிவிட்டாள், அத்தை வரவில்லையென்றால் நலங்கே வேண்டாம் என்று. அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு மலர்கொடி கீழ்வேளூரில் கூடையை இறக்கி மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அமிர்தலிங்கம் படகில். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை பூமிகாவைத் தூக்கி மாரோடு சேர்த்துப் புடவையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடியவள் மேகலா. அவளுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

குவியலைப் பார்க்கப் பார்க்க மலர்கொடிக்கு ஒரு யோசனை வந்தது. மேகலாவிடம் மொத்தமே நாலு புடவைதான். இத்தனையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டால் பீரோவும் காலியாகும், அவள் மனசும் குளிரும், நலங்குக்கும் வந்துவிடுவாள். பூமிகா கல்யாணத்துக்கு என்று மாம்பழ மஞ்சளில் யூனிஃபார்ம் புடவை சொல்லியாகிவிட்டது. மாதிரிக்கு வந்த புடவையையே மேகலாவுக்கு வைத்துவிடலாம். நினைக்க நினைக்கத் தன் தாராளம் அவளுக்கே பிடித்துப்போயிற்று. இரண்டு அரிசிச் சாக்கில் புடவைகளைத் திணித்தாள். மடிக்கவில்லை. ஒரு சாக்கைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அத்தை வாங்கிக்கொள்வாளா என்று பூமிகா கேட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மேகலா வீடு குடியிருப்பின் கடைசித் தெருவில். கருவாடு போடுகிற தொழில். வாசலுக்கு எதிரே மணலில் வலை விரித்து, தடையில்லாத சிறு படகில் வந்த நெத்திலியைக் காயப்போட்டிருந்தாள். புடவைக்கு மேல் புருஷன் முருகையனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் காக்கை விரட்டும் நீளக் கம்பு. அண்ணியைப் பார்த்ததும் எழுந்து வந்து தலைச்சுமையை இறக்கிவிட்டாள்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் கட்டிக்கொடுத்த அதே அளவு வீடுதான். ஆனால் உள்ளே போனால் பெரிய வீடு மாதிரி இருக்கும். பீரோ கிடையாது. சுவரோரம் ஒரு கொடி, அதில் மேகலாவின் புடவைகள். கருவாட்டு வேலைக்கு இரண்டு, சந்தைக்கு ஒன்று, நல்லது கெட்டதுக்கு ஒன்று. நைந்துபோனால் அதைக் கரித்துணியாக்கிவிட்டுத்தான் அடுத்தது வாங்குவாள். அடகு வைத்தாவது வாங்க அவளாலும் முடியும். வேண்டாம் என்று வைத்திருந்தாள். கூடம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு அங்கேதான் உட்கார்ந்து படிக்கும். ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொந்தம் வந்தாலும், படுக்க இடமில்லையென்றால் மேகலா வீட்டைத்தான் காட்டுவார்கள். பந்தலுக்கு வராதவள் வீட்டில் பந்தலுக்கு வந்தவர்கள் படுத்து எழுந்து போவார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

மலர்கொடி சாக்கை அவிழ்த்துக் காட்டினாள். எல்லாம் ஒரு தடவை கட்டியது, புதுசு மாதிரி என்றாள். மேகலா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவசரப்படவில்லை. கத்திரிப்பூவை எடுத்து, வேதவல்லி வீட்டுக் காதுகுத்து என்றாள். செங்கல் நிறத்தை எடுத்து, கொடியேற்றம் என்றாள். கட்டியவளைப் போலவே கட்டாதவளுக்கும் கலர்கள் எல்லாம் நினைவிருந்தன. கிளிப்பச்சை வந்ததும் கை நின்றது.

“இது ஒங்க அண்ணன் மவன் கல்யாணத்துக்கு எடுத்தது.”

“ஆமா. அன்னைக்கு நீ வந்திருந்தியே.”

“வந்தேன். எங்கிட்ட இருந்த நல்ல பொடவ வாடாமல்லி. அதக் கட்டிக்கிட்டு வந்தேன். போட்டோவுக்கு நிக்கையில நீங்கதான் எங் கையப் புடிச்சி அந்தாண்ட கொண்டுபோயி நிறுத்துனீங்க அண்ணி. கலர் சேரலன்னு.”

மலர்கொடிக்கு முதலில் அது நினைவுக்கு வரவில்லை. பிறகு வந்தது. போட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தி காத்திருந்தது. வரிசையில் ஒரு கலர் உறுத்தியது. கையைப் பிடித்து ஓரமாக விட்டாள். ஒரு நிமிஷ வேலை. அன்றே மறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் மேகலா எந்த வரிசையிலும் நிற்கவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே, அதற்குத்தானே இத்தனையும் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள் மலர்கொடி. சொல்லும்போதே அது சரியாக விழவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மேகலா புடவைகளைத் திரும்பச் சாக்கில் வைத்தாள். ஒவ்வொன்றையும் மடித்து வைத்தாள்.

“சுனாமி சமயத்துல ரோட்டோரம் லாரி லாரியா துணியக் கொட்டிட்டுப் போனாங்க. கிழிஞ்சது, பட்டன் போனது, குளிருக்குப் போடுற ஸ்வெட்டர். மழையில நனஞ்சி நாறிக் கெடந்துச்சி. அந்தக் குவியல்லேருந்து ஒண்ணு எடுத்துக் கட்டுனவ நான். எனக்குக் கோவம் கெடையாது. கொட்டுனவங்களுக்கு என்னைத் தெரியாது.” சாக்கின் வாயை முறுக்கிக் கட்டினாள். “ஒங்களுக்கு என்னைத் தெரியும் அண்ணி.”

காக்கை ஒன்று நெத்திலியில் இறங்கியது. மேகலா உட்கார்ந்தபடியே கம்பைத் தட்டினாள்.

“நலங்குக்கு வர்றியா இல்லியா?”

“எம் புள்ள கல்யாணம். ஓடி வருவேன். எங்கிட்ட இருக்கறதக் கட்டிக்கிட்டு வந்தா, எங்க நிப்பேன்னு மட்டும் சொல்லுங்க. ஓரமான்னா இப்பவே சொல்லிருங்க. நான் வீட்டுல இருந்துக்கறேன், வர்ற சனத்துக்குப் படுக்க எடம் வேணுமுல்ல.”

அதில் குத்தல் இல்லை. இருக்கிற விஷயத்தை இருக்கிறபடி கேட்டாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் மாம்பழ மஞ்சள் சொல்லியாகிவிட்டது. அந்த மஞ்சளுக்கு நடுவே மேகலாவின் வாடாமல்லி எங்கே நிற்கும்? மேகலா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மலர்கொடி இரண்டு சாக்கையும் தூக்கிக்கொண்டு திரும்பினாள். எத்தனையோ வருஷம் ஐஸ் போட்ட மீனைச் சுமந்த கழுத்து, இந்தத் துணிக்கு வலித்தது.

வீட்டுக்கு வந்தவள் சாக்குகளைக் கூடத்தில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். உள்ளே இருந்த ஒவ்வொரு புடவையும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. கிளிப்பச்சைக்குப் பிறகு வாங்கிய ஒவ்வொன்றும் மேகலா வராத ஒரு விசேஷம். தான் காசு கொடுத்து வாங்கி, அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது அதைத்தான். பூமிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னாள், ஓரமாக நிறுத்தியதையும் சேர்த்து. மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். பூமிகா திட்டவில்லை, இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள்.

மலர்கொடிக்கு எழுதத் தெரியாது. போனை வாங்கி, குரூப்பில் குரல் பதிவு போட்டாள். “நான் மலர்கொடி பேசுறேன். பூமிகா கல்யாணத்துக்கு மாம்பழ மஞ்சக் கலர் வேணாம். எந்தக் கலரும் வேணாம். யாரும் புதுப் பொடவ எடுக்காதீங்க. ஒங்ககிட்ட எது நல்லதா இருக்கோ, எது கட்டுனா ஒங்களுக்கு சந்தோசமோ, அதக் கட்டிக்கிட்டு வாங்க. முன்னாடி கட்டுனதா இருந்தா ரொம்ப நல்லது.”

அதற்குப் பிறகு குரூப்பில் பெரிய அமைதி. வழக்கமாகப் பூப்படம் போடுகிறவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. வேதவல்லி நேரிலேயே வந்துவிட்டாள்.

“ஏன் மலரு, கையில முடையா? சொல்லியிருந்தா குழுவுல பாத்துக்கமாட்டமா?”

“காசு இருக்கு அக்கா. வெக்கந்தான் புதுசா வந்திருக்கு” என்றாள் மலர்கொடி.

வேதவல்லி விடவில்லை. ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், போட்டோவில் ஆளுக்கொரு கலராக நின்றால் சந்தைக் கூட்டம் மாதிரி இருக்காதா என்று கேட்டாள். சந்தையில் நின்றுதானே அக்கா நாம் எல்லாரும் சோறு தின்கிறோம் என்றாள் மலர்கொடி. வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் பெண்கள் ஒவ்வொருத்தியாக, யாருக்கும் தெரியாமல், கொல்லைப்பக்கமாக வந்து மலர்கொடியின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோக முடிச்சு போட்டு வைத்திருந்தவள். முடிச்சை அவிழ்த்து அங்கேயே காதில் மாட்டிக்கொண்டாள். இவ்வளவு பேருக்கும் வேண்டாத ஒன்றை இவ்வளவு பேரும் சேர்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். முதலில் வாய் திறக்க ஒருத்தி இல்லாததுதான் குறை.

ஜவுளிக்கடை ஹபீப் முகம்மதுவிடம் சொல்லப் போனபோது அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த அட்வான்ஸுக்கு வேட்டி, துண்டு எடுத்துக்கொள்கிறேன், புடவை வேண்டாம் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க ஆரம்பிச்சி வச்சிட்டீங்கன்னா ஊரே பின்னால வரும் அக்கா. அப்புறம் நான் கடைய மூடிட்டு ஒங்ககூட மீன் விக்கத்தான் வரணும்.”

“வாங்க பாய். தடைக்காலம் முடியட்டும், ஒரு கூடை சும்மாதான் கெடக்கு.”

அவர் சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் மூன்று பீரோ இருக்கிறது, தன் படுக்கை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

மறுநாள் மலர்கொடி வெறுங்கையோடு மேகலா வீட்டுக்குப் போனாள். மேகலா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். மலர்கொடி உட்காரவில்லை.

“எங்க நிப்பேன்னு கேட்டல்ல.”

“கேட்டேன்.”

“நடுவுல.”

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கம்பை அண்ணியிடம் கொடுத்து, காக்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனாள். போனவள் திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அந்தச் சாக்கை என்ன செய்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்று மலர்கொடி ஒப்புக்கொண்டாள்.

பிறகு செய்ததை மலர்கொடி யோசித்துத்தான் செய்தாள். தனக்கென்று ஆறு புடவை எடுத்து வைத்துக்கொண்டாள். மனசுக்குப் பிடித்தது, உடம்புக்குச் சுகமானது, அவ்வளவுதான் கணக்கு. மற்றதையெல்லாம் துவைத்தாள், பூமிகா இஸ்திரி போட்டாள். வாசலில் படகுக் கயிற்றைக் கட்டி, கடையில் தொங்கவிடுகிற மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பிடித்தவர்கள் பிடித்ததைப் பார்த்து எடுத்துப்போகட்டும் என்று சொல்லி வைத்தார்கள். யார் வீட்டுக்கும் எதையும் கொண்டுபோகவில்லை. பெண்கள் வந்தார்கள், முந்தானையைப் பிரித்துப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள், சிலதை எடுத்தார்கள், சிலதை விட்டுவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கும்போதுதான் வாங்குகிறவளுக்கு மரியாதை இருக்கிறது. இதைச் சாக்கு மூட்டையை இரண்டு தரம் சுமந்து மலர்கொடி கற்றிருந்தாள்.

கடைசியாக மேகலா வந்தாள். கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“மிச்சம் இருக்கறதக் குடுங்க அண்ணி. கட்டுறதுக்கு இல்ல. காக்கா வெரட்ட.”

மலர்கொடி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றே கருவாட்டுக் களத்தைச் சுற்றிக் கம்பு ஊன்றிப் புடவைகளைக் கட்டினார்கள். கிளிப்பச்சை, செங்கல், கத்திரிப்பூ என்று ஊர் விசேஷங்களெல்லாம் வரிசையாக நின்று கடல்காற்றில் படபடத்தன. நாயும் ஆடும் எட்ட நின்றன. காக்கைகள் தென்னையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. வாங்கிய நாளிலிருந்து அந்தப் புடவைகள் உருப்படியாக ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

கீல் உடைந்த பீரோவைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அறையில் அது நின்ற இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. பூமிகா அங்கே காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா வீட்டுச் சனத்தை இந்த முறை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள் மலர்கொடி.

நலங்கு அன்று பந்தலுக்குள் வந்த பெண்களைப் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆளுக்கொரு கலர், ஆளுக்கொரு காலம். முதல் மீன் காசில் வாங்கியது என்று ஒருத்தி. அக்கா சாகும்போது கொடுத்தது என்று ஒருத்தி. யூனிஃபார்ம் புடவை கட்டிய நாட்களில் யாரும் யாருடைய புடவையைப் பற்றியும் பேசியதில்லை, பேச ஒன்றுமில்லை. இன்றைக்குப் பேச்சு ஓயவில்லை. வேதவல்லிகூட வந்தாள். தன் கல்யாணக் கூறைப்புடவை, ஜரிகை அங்கங்கே ஒடிந்திருந்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் முறைப்பாகத்தான் வந்தாள். கொஞ்ச நேரத்தில் மாமியார் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேகலா வாடாமல்லியில் வந்தாள். துவைத்துத் துவைத்துக் கலர் கொஞ்சம் இறங்கியிருந்தது. நேராகப் பூமிகாவிடம் போய், இரண்டு கையிலும் மஞ்சளை அள்ளி, கன்னத்தில், கழுத்தில், கையில் தடவினாள். பூமிகா அழுதாள். அழுத கண்ணைத் துடைக்க மேகலா முந்தானையை எடுத்தாள். இருக்கிற ஒரே நல்ல புடவையில் மஞ்சள் ஏறியது. கறை போகாதே என்று பக்கத்திலிருந்தவள் பதறினாள்.

“கட்டுறதுக்குத்தான பொடவ” என்றாள் மேகலா.

பிறகு போட்டோ. எல்லாரும் நின்றார்கள். மலர்கொடி மேகலாவின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து பூமிகாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதே கை. போட்டோக்காரருக்கும் அது பழகிய ஊர்தான். கேமராவில் கண் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் பார்த்தார்.

“அக்கா, எதுவும் கலர் சேரலையே. நடுவுல அந்த அக்கா பொடவயில கறை வேற தெரியுது. அவங்க மட்டும் கொஞ்சம் ஓரமா…”

மேகலாவின் கால் தானாக நகர்ந்தது. மலர்கொடி பிடியை விடவில்லை.

“அண்ணே, ஒரு நாளு இவள இதே கையால நான்தான் ஓரமா நிறுத்துனேன். கலருக்காக. அந்தப் பொடவயெல்லாம் இன்னைக்குக் காக்கா வெரட்டுது, போயிப் பாருங்க. பீரோ கொள்ளாம வாங்கி அடைச்சி, வீட்டுக்குள்ள ஒரு ஆளு ஒக்கார எடமில்லாமப் பண்ணி வச்சிருந்தேன். அத வசதின்னு நெனச்சேன். நாலு பொடவய வச்சிக்கிட்டு, ஊருக்கே படுக்க எடம் வச்சிருக்கா பாருங்க இவ, இதான் வசதி. தேவைக்கு மேல இருக்கற துணியக் கழிச்சிப் போடுங்க. துணிக்காக மனுசியக் கழிச்சிப் போடாதீங்க. கறை தெரியட்டும், நீங்க எடுங்க.”

அவர் எடுத்தார்.